செவந்திக்கு இனி லாடம் வேண்டாம்

பந்தல்காரர்கள் நாற்காலிகளை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். என் தம்பியின் பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து, வந்திருந்த உறவெல்லாம் சாப்பிட்டுக் கிளம்பியாயிற்று. எச்சில் இலைகளைக் கொட்டிய குழியருகே காக்கைகள் கூடியிருந்தன.

வள்ளி, தம்பியின் மனைவி, காலையிலிருந்து யாரிடமும் பேசவில்லை. கையைப் பிடித்து அழுதவர்களிடம் கையைக் கொடுத்துவிட்டு வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று எழுந்து, வீட்டுக்குப் பின்னால் இருந்த குதிரைக் கொட்டகையை நோக்கி நடந்தாள். பின்னாலேயே ஓடினேன்.

கொட்டகை வாசலில் யாகூப் நின்றிருந்தார். குதிரைகளுக்கு லாடம் அடிப்பவர். துக்கம் விசாரிக்க மதுரையிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்தவர், பந்தியில் உட்காராமல் இங்கே வந்து ஒதுங்கியிருந்தார்.

"உங்க சாமான் பெட்டி வண்டியில இருக்கா?" என்று கேட்டாள் வள்ளி.

"இருக்கும்மா. அது எப்பவும் வண்டியிலதான்."

"எடுத்துட்டு வாங்க. இந்த லாடத்தக் கழட்டணும். மூணு குதிரைக்கும். இன்னைக்கே."

யாகூப் என்னைப் பார்த்தார்.

"இப்ப எதுக்குத்தா?" என்றேன். "ஒரு வாரம் போகட்டும். நிதானமாப் பாப்போம்."

"அவுகளக் கொன்ன இரும்பு மதினி இது. இன்னும் ஒரு வாரம் எதுக்கு என் வீட்டுல கெடக்கணும்?"

உள்ளே செவந்தி எங்கள் பக்கம் தலையைத் திருப்பியது. அதன் வலது முழங்காலில் ஆறிவரும் புண்ணும், பூசியிருந்த ஊதா மருந்தின் கறையும் தெரிந்தன. தம்பி விழுந்தபோது அவனோடு சேர்ந்து விழுந்த குதிரை அதுதான்.

அச்சகக்காரன் வாங்கிய குதிரை

நான் எழுதிவரும் இந்தத் தொடரில் தம்பி சங்கரலிங்கம் இதுவரை அரைக்கால் சட்டைப் பையனாகவே வந்துபோனான். விருதுநகரில் எங்கள் தெருவில் அடுக்கியிருக்கும் மிளகாய் மூட்டைகளில் ஏறி, தும்மித் தும்மிக் கண்ணைக் கசக்கிக்கொண்டு இறங்கிவருவானே, அவன்தான். "உங்கள் தம்பி இப்போது என்ன செய்கிறார்?" என்று வாசகி ஒருவர் கேட்டிருந்தார். அவருக்குப் பதில் சொல்லாமல் சில வாரங்களை நகர்த்திவிட்டேன். சின்னப் பையனாகவே அவனை எழுதிக்கொண்டிருப்பது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

வளர்ந்தபின் அவன் சிவகாசியில் அச்சகம் நடத்தினான். தினசரிக் காலண்டர், பட்டாசுப் பெட்டிக்கு ஒட்டும் லேபிள். சீசன் நேரத்தில் போனில்கூடப் பிடிக்க முடியாது. "ஆர்டர் நிக்குதுக்கா, லோடு ஏத்திட்டுப் பேசுறேன்" என்பான். பிறகு பேசவே மாட்டான்.

நாற்பது தாண்டினால் சிவகாசியில் ஆண்கள் டாக்டர் சொல்லிக் காலையில் நடக்கப் போவார்கள், அல்லது கோயில் திருப்பணியில் இறங்குவார்கள். இவன் குதிரை வாங்கினான். ஈரோட்டுப் பக்கம் ஏதோ ஒரு சந்தைக்கு நண்பனோடு சும்மா போனவன், லாரியில் ஒரு செவலைப் பெட்டையோடு திரும்பினான். செவந்தி என்று பேர் வைத்தான். ஏன் வாங்கினாய் என்று கேட்டதற்கு, "அது என்னயப் பாத்துச்சுக்கா" என்றான். அதற்கு மேல் ஒரு விளக்கமும் கிடைக்கவில்லை.

செவந்திக்குத் துணையாக ராசா வந்தது, பிறகு கருப்பன். அச்சகத்தை மைத்துனர் கையில் கொடுத்துவிட்டு, ஆனைக்குட்டம் அணைக்குப் பக்கத்தில் இருந்த நிலத்தில் வீடு கட்டிக் குடிவந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் சிவகாசியிலிருந்தும் விருதுநகரிலிருந்தும் கார்களில் ஆட்கள் வருவார்கள். அவர்களைக் குதிரையில் ஏற்றி, வேலிக்கருவைக் காட்டு வழியாக அணையைச் சுற்றிக் கூட்டிப்போவான். தீபாவளி முடிந்து பட்டாசுக் கம்பெனிகள் பூட்டிக் கிடக்கும் நாட்களில் தொழிலாளர் குடும்பங்கள் பிள்ளைகளோடு வரும். அவர்களுக்கு அலுக்காமல் சுற்றிக்காட்டுவான்.

வள்ளிக்குக் குதிரை என்றாலே நடுக்கம். கொள்ளை அவித்து, ஆறவைத்து, சட்டியைக் கொட்டகைக்கு நாலு எட்டு தள்ளி வைத்துவிட்டு "ஏங்க, வச்சிட்டேன்" என்று கத்திவிட்டுத் திரும்பிவிடுவாள். இத்தனை வருடங்களில் ஒரு குதிரையின் கழுத்தைக்கூட அவள் தொட்டதில்லை.

செருப்பைக் கழற்றும் வாசல்

குதிரையின் குளம்பு நம் நகத்தைப் போன்றது. வளரும், தேயும். அணையைச் சுற்றிலும் சரளையும் பாறையுமாகக் கிடப்பதால் வளர்வதைவிடத் தேய்வது அதிகம். அதனால் மூன்றுக்கும் இரும்பு லாடம். யாகூப் ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை வந்து பழையதைக் கழற்றிக் குளம்பைச் சீவிப் புதிதாக அடித்துவிட்டுப் போவார்.

தம்பியின் பாதை ஒரு பட்டாசுக் கம்பெனியின் பின்வேலியை ஒட்டிய மண்பாதையில் போயிற்று. எங்கள் பக்கத்தில் பட்டாசுக்குச் சேர்க்கும் ரசாயனக் கலவையை மருந்து என்றுதான் சொல்வோம். மருந்து அறைக்குள் நுழையும்முன் செருப்பை வாசலிலேயே விட்டுவிட வேண்டும். இரும்புச் சாமான் எதுவும் உள்ளே போகக் கூடாது. இரும்பும் கல்லும் உரசினால் பொறி பறக்கும் என்பதை ஐந்து வயதுப் பிள்ளைக்கும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்தக் கம்பெனியின் போர்மேன் மாடசாமி. நெற்றி நிறையத் திருநீறு, அதிர்ந்து பேசாத மனிதர். ஒருநாள் தம்பி தனியாகச் செவந்தியில் வரும்போது வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கையைக் காட்டி நிறுத்தியிருக்கிறார். தம்பி வந்து என்னிடம் அப்படியே நடித்துக் காட்டினான்.

"அண்ணாச்சி, தப்பா எடுத்துக்கிறாதீக. குதிர கால்ல இரும்பு போட்டிருக்கீகள்ல?"

"ஆமா."

"இங்கன பாறையில அது மிதிக்கையில பொறி தெறிக்குது. நேத்து சாயங்காலம் நானே பாத்தேன். கழிவு மருந்த இந்த வேலியோரந்தான் கொண்டுபோறாக. வழியில கொஞ்சம் சிந்தத்தான் செய்யும். உள்ள அம்புட்டுப் பேரு உக்காந்திருக்காக."

சொல்லிவிட்டு அவர் கையெடுத்துக் கும்பிட, தம்பி குதிரையை விட்டு இறங்கினானாம். "சரி மாடசாமி. இனிமே வரல" என்று சொல்லிவிட்டு, கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு திரும்பி நடந்தே வந்திருக்கிறான்.

"அந்த ஆளு கும்புடுறாருக்கா. அவரு வேலய அவரு பாக்காரு. எதுக்கு என்னயக் கும்பிடணும்?" என்று கேட்டான். அது அவனை வெகுநேரம் உறுத்திக்கொண்டிருந்தது.

மூன்று யோசனை

அதன்பிறகு ஒரு மாதம் போல அவனுக்கு வேறு பேச்சே இல்லை. விருதுநகருக்கு என் வீட்டுக்கு வந்தால் சாப்பாட்டுத் தட்டின் முன்னாலும் குளம்புதான்.

கால்நடை டாக்டரம்மா லாடத்தைக் கழற்றச் சொன்னார். குளம்புக்கு அடியில் நடுவே மெத்தைபோல ஒரு பகுதி இருக்கிறது. மிதிக்கும்போது அது தரையில் பதிந்து அதிர்ச்சியைத் தாங்க வேண்டும், லாடம் அதைத் தரையில் படவிடாமல் தூக்கிவிடுகிறது என்றார். ஆனால் வருடக்கணக்கில் லாடத்தில் நின்ற கால் உடனே வெறுங்காலுக்குப் பழகாது. பல மாதம் ஓய்வு கொடுத்து, மெல்ல மெல்லத்தான் கல்லில் நடக்கவிட வேண்டும்.

யாகூப் தலையாட்டி மறுத்தார். "ஆள ஏத்திக்கிட்டு இந்தச் சரளையில வெறுங்கால்ல நடந்தா ஒரே வாரத்துல நொண்டும். பெறகு என்னய ஏசாதீங்க."

மூன்றாவது வழி, ரப்பர் பூட்ஸ். சவாரிக்குப் போகும்போது மாட்டிவிட்டு, வந்ததும் கழற்றிவிடலாம். வெளிநாட்டில் செய்வது. ஒவ்வொரு காலுக்கும் அளவெடுத்துச் சொல்லி வரவழைக்க வேண்டும். ஒருவர் நல்லது என்றார், ஒருவர் முள் குத்திக் கிழிந்துவிடும் என்றார்.

"நீ என்னதான்லே செய்யப்போற?" என்று ஒருநாள் கேட்டேன். தோசைக் கல்லில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது.

"கழட்டிறலாம்னுதான்க்கா இருக்கேன். வெறுங்காலா இருந்தா அந்தப் பாதையில மாடசாமியே வாங்க அண்ணாச்சிம்பாரு."

"பெறகென்ன?"

"பள்ளிக்கூடத்துக்கு இப்பத்தானே லீவு விட்டிருக்கான். பிள்ளைக ஆசையா வருதுக. ஆடிக் காத்து ஆரம்பிச்சா ஒருத்தரும் வரமாட்டாக. அப்பக் கழட்டிப் போட்டு, மூணு பேரும் நல்லா ஓய்வு எடுக்கட்டும்."

சரியான முடிவு என்றுதான் எனக்கும் தோன்றியது. யாரைக் கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். அதுவரைக்கும் மண்பாதையை விட்டுவிட்டுத் தார்ச்சாலை வழியாகக் கொஞ்ச தூரம் போய், பாலம் தாண்டி அணைக்குப் போவதென்று வழியை மாற்றிக்கொண்டான்.

திருப்பம்

அன்றைக்கு ஞாயிறுகூட இல்லை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, செவந்திக்குக் கால் மரத்துப்போகும் என்று தனியாகக் கூட்டிப்போயிருக்கிறான். தலையில் ஹெல்மெட் போட்டிருந்தான். அந்த விஷயத்தில் மற்றவர்களுக்குச் சொன்னதை அவனும் செய்வான்.

வெகுநாள் காய்ந்து கிடந்த சாலையில் கோடைமழையின் முதல் தூறல். மண்ணை நனைக்கக்கூடப் போதாத மழை. லாரிகள் ஒழுகவிட்ட எண்ணெயோடு அந்தத் தூறல் கலந்து தார் சோப்புப் போட்டதுபோல ஆகிவிட்டது. பாலத்துக்கு முன்னால் ஒரு திருப்பம் உண்டு. அங்கே செவந்தியின் முன்கால் இரண்டும் ஒரே சமயத்தில் சறுக்கின. குதிரை பக்கவாட்டில் சாய்ந்து அவன் மேலேயே விழுந்தது.

எதிரே வந்த மினிபஸ் கண்டக்டர்தான் எங்களுக்குப் பிறகு சொன்னார். குதிரை தட்டுத்தடுமாறி எழுந்ததாம். முழங்காலில் ரத்தம் வழிய, எங்கும் ஓடாமல், கிடந்தவன் முகத்தருகே மூக்கைக் கொண்டுபோய் நின்றதாம். ஆட்கள் அவனைத் தூக்கப்போனபோது விலகி வழிவிட்டது என்றார்.

விருதுநகர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். நெஞ்சுக்கூட்டில் அடி. நான் போனபோது நினைவு இருந்தது. "செவந்திக்கு ஒண்ணும் இல்லையேக்கா?" என்றான். இல்லை என்றேன். "வள்ளிட்ட சொல்லு, கொள்ளு..." என்று ஏதோ தொடங்கினான். கொள்ளை என்ன செய்யச் சொன்னான் என்பது இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. மறுநாள் விடியும்போது போய்விட்டான்.

ஆயுள் காப்பீட்டு அலுவலகத்தில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவள் நான். பணம் கேட்டு வரும் படிவத்தில் இறப்புக்கான காரணம் என்றொரு கட்டம் வரும். ஒரே வரியில் நிரப்ப வேண்டும். மாரடைப்பு, சாலை விபத்து, மின்சாரம் தாக்கி. எத்தனையோ குடும்பங்களின் துயரத்தை அந்த ஒரு வரியில் படித்துவிட்டு அடுத்ததை எடுத்திருக்கிறேன். தம்பி விஷயத்தில் எதை எழுதுவது? மழையா? எண்ணெயா? இரும்பா? மண்பாதையை விட்டு வந்ததா? ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து யோசித்தேன். ஒன்றை எழுதினால் மற்றது முன்னால் வந்து நின்றது.

வள்ளி யோசிக்கவில்லை. அவளுக்கு அது இரும்புதான்.

குறடு

அதனால்தான் விசேஷம் முடிந்த கையோடு யாகூப் முன்னால் போய் நின்றாள்.

"கழட்டிறலாம்மா," என்றார் யாகூப். "நீங்க சொன்னா செய்யிறேன். ஆனா கொஞ்ச நாளைக்கு அதுகளுக்கு நடக்க வலிக்கும். அத மட்டும் சொல்லிட்டேன்."

"வலிக்கட்டும்."

யாகூப் பெட்டியைக் கொண்டுவந்தார். செவந்தியின் முன்காலைத் தூக்கித் தன் தொடையிடுக்கில் வைத்துக்கொண்டார். மடக்கியிருந்த ஆணி முனைகளை நிமிர்த்தினார். பிறகு குறடால் பின்பக்கமிருந்து நெம்பி நெம்பி எடுத்தார். முதல் லாடம் மண்ணில் விழுந்தது.

அடுத்த காலை எடுக்கவில்லை. அப்படியே குனிந்த மேனிக்கு நின்றார். முதுகு குலுங்குவதைப் பார்த்தபோதுதான் அழுகிறார் என்று தெரிந்தது.

"நான் அடிச்ச லாடம்மா," என்றார். "நல்லாத்தான் அடிச்சேன். வர்ற வழியெல்லாம் அதையேதான் நெனச்சிட்டு வந்தேன். நல்லாத்தான் அடிச்சேன். ஆனா தார்ல வழுக்காத இரும்பு ஏதும்மா?"

அந்த நேரத்தில் வீட்டைச் சுற்றிக்கொண்டு மாடசாமி வந்தார். கம்பெனி வேலை முடிந்து நேராக வந்திருந்தார். விரல் இடுக்குகளில் வெள்ளியாக மருந்துப் பொடி மினுங்கிற்று. செருப்பைத் தொலைவிலேயே விட்டிருந்தார்.

"தாயி," என்றார். "நான்தான் அந்தப் பாதையில வராதீகன்னேன். நான் சொல்லாம இருந்திருந்தா அண்ணாச்சி ரோட்டுப் பக்கம் போயிருக்கவே மாட்டாக. இத உங்ககிட்ட சொல்லாம எனக்குச் சோறு எறங்கல."

அவளுக்கு அது தெரியாது. பாதையை மாற்றியது தெரியும், ஏன் என்று தம்பி அவளிடம் சொல்லியிருக்கவில்லை. நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெடிக்கப்போகிறாள் என்று நினைத்தேன்.

"உள்ள எம்புட்டுப் பேரு இருப்பாக?" என்று கேட்டாள்.

"பின்பக்க ரூம்புகள்ல மட்டும் முப்பது நாப்பது பேரு இருப்பாக தாயி. பாதிக்கு மேல பொம்பளையாளுக."

"பெறகென்ன. சொல்ல வேண்டியதத்தான் சொல்லியிருக்கீக."

அவள் கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தாள். பதினாறு நாளாக வராத அழுகை அப்போதுதான் வந்தது.

"யாரையாச்சும் திட்டணும்போல இருக்கு மதினி," என்றாள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு. "ஒருத்தரும் கெடைக்க மாட்டேங்காக."

யாகூப் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த காலைத் தூக்கினார். மாடசாமி போய்க் கடிவாளத்தைப் பிடித்தார். இருட்டுவதற்குள் மூன்று குதிரைகளும் வெறுங்காலில் நின்றன.

சரளை

யாகூப் சொன்னது நடந்தது. ராசாவும் கருப்பனும் இளவயசு, ஒருமாதிரி சமாளித்துக்கொண்டன. செவந்தியால் முடியவில்லை. கொட்டகையிலிருந்து தண்ணீர்த் தொட்டிவரை சரளை போட்டிருந்தது. அதைத் தாண்ட அது ஒவ்வொரு அடியையும் யோசித்து வைத்தது. வைத்த காலில் பாரம் ஏற்றாமல் சட்டென்று எடுத்தது. தண்ணீருக்குப் போவதையே குறைத்துக்கொண்டது.

நான் அந்த மாதங்களில் பாதி நாள் ஆனைக்குட்டத்தில்தான் இருந்தேன். ஒருநாள் காலையில் எழுந்து வந்தபோது வள்ளி வாளியில் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குள் போய்க்கொண்டிருந்தாள். செவந்தி குடித்து முடிக்கும்வரை வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வலிக்கட்டும்னு சொல்லிட்டேன் மதினி," என்றாள் என்னைப் பார்த்ததும். "பாவம், அது என்ன பண்ணுச்சு?"

அன்று மத்தியானமே யாகூபுக்குப் போன் போட்டாள். "திரும்ப அடிச்சிருவமா?" என்று கேட்டாள். அந்தப் பக்கம் அவர் என்ன சொன்னாரோ, வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். வைத்துவிட்டு, "அவருக்கும் தெரியலையாம். டாக்டரம்மாவக் கேக்கச் சொல்றாரு" என்றாள்.

டாக்டரம்மா வந்து நான்கு காலையும் தூக்கிப் பார்த்தார். அழுத்திப் பார்த்தார். "புண் இல்ல, கூச்சந்தான். இத்தன நாள் பொறுத்தாச்சு. தரையை மாத்திப் பாருங்க" என்றார். மறுநாளே வள்ளி ஆள்விட்டுச் சரளையை வாரவைத்து, கண்மாய் மண் இரண்டு டிராக்டர் கொட்டினாள். அதில் நடக்கச் செவந்திக்கு அவ்வளவு சிரமம் இருக்கவில்லை. ஆனால் அதற்கு வெளியே எங்கே போனாலும் கல்தான்.

அதனால் பூட்ஸும் வந்தது. அச்சகத்திலிருந்து காலண்டர் அட்டை கொண்டுவந்து, குளம்பை அதன்மேல் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து அளவு எடுத்தோம். செவந்தி ஒரு அட்டையைத் தின்றுவிட்டது. சென்னையில் இருக்கும் என் மகன் வரவழைத்து அனுப்பினான். மாட்டிவிட்ட முதல் நாள், ஈரச்சேலையைத் தூக்கிப் பிடித்து நடக்கிற மாதிரி ஒவ்வொரு காலையும் வயிறு வரை உயர்த்தி நடந்தது. அந்தச் சாவுக்குப் பிறகு வள்ளி சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். சிரித்துவிட்டு, ஏதோ தப்புச் செய்தவள்போல வாயைப் பொத்திக்கொண்டாள்.

பூட்ஸின் மேல்விளிம்பு உரசி, குளம்புக்கு மேலே தோல் வழன்றது. மெத்தென்று ஏதாவது சுற்ற வேண்டும் என்றார் டாக்டரம்மா. வள்ளி பீரோவைத் திறந்து தம்பியின் வேட்டி ஒன்றை எடுத்து வந்தாள். கரையைத் தனியே கிழித்து மடியில் வைத்துக்கொண்டாள். மற்றதை நீளநீளமாகக் கிழித்துச் செவந்தியின் நான்கு கால்களிலும் சுற்றினாள்.

ராசாவையும் கருப்பனையும் கோயம்புத்தூர்ப் பக்கம் குதிரையேற்றம் கற்றுத்தரும் ஒருவர் வந்து கூட்டிப்போனார். மறுபடி லாடம் அடிப்பேன் என்று அவர் முன்கூட்டியே சொன்னார். "அவுக ஊர்த் தரைக்கு எது தோதோ அதச் செய்யட்டும்" என்றாள் வள்ளி. லாரியில் ஏற்றும்போது மட்டும் வெளியே வரவில்லை.

செவந்தியை யாருக்கும் கொடுப்பதாக இல்லை. சவாரியும் இல்லை. மல்லாங்கிணற்றில் வள்ளியின் அண்ணனுக்குக் கரிசல் நிலம் இருக்கிறது. மழைக்காலத்தில் செவந்தியை அங்கே கொண்டுபோய் விட்டார்கள். சோளத்தட்டை அறுத்த காட்டில் அது இஷ்டத்துக்குத் திரிந்தது. பூட்ஸ் தேவைப்படவில்லை. பழைய குளம்பு தேயத் தேய, மேலிருந்து புதுக் குளம்பு இறங்கிவந்தது. ஆணி அடித்த ஓட்டைகள் ஒவ்வொரு மாதமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கி, கடைசியில் விளிம்போடு தேய்ந்து மறைந்தன.

பின்வேலிப் பாதை

ஏறக்குறைய ஒரு வருடம் கழித்துச் செவந்தி ஆனைக்குட்டத்துக்குத் திரும்பியது. வெளியே சரளையில் இறங்கி நடந்தது, நொண்டவில்லை. வள்ளி இப்போது அதைத் தானே குளிப்பாட்டுகிறாள், தானே கயிறு பிடிக்கிறாள். ஏறி உட்காருவதில்லை.

"ஒரு எட்டு நடந்துட்டு வருவோமா மதினி?" என்று ஒரு சாயங்காலம் கேட்டாள். எந்தப் பக்கம் என்று நான் கேட்கவில்லை. அவள் தார்ச்சாலைக்குத் திரும்பாமல் நேரே மண்பாதையில் போனாள்.

கம்பெனி விடுகிற நேரம். பின்வாசல் வழியாகப் பெண்கள் தூக்குவாளியோடு வந்துகொண்டிருந்தார்கள். வேலிக்குள் நின்ற மாடசாமி எங்களைப் பார்த்துவிட்டு ஓடிவந்தார். முதலில் செவந்தியின் கால்களைத்தான் பார்த்தார். பிறகு ஓரமாக ஒதுங்கி நின்று, "வாங்க தாயி, வாங்க" என்றார். அந்தப் பெண்களும் ஒதுங்கி வழிவிட்டார்கள். பாறை பரந்து கிடந்த இடத்தில் செவந்தி ஏறி, நடந்து, மறுபக்கம் இறங்கியது.

இறங்கியதும் வள்ளி நின்றுவிட்டாள். கால் வலிக்கிறதோ என்று கிட்டே போனேன்.

"மதினி, இவ நடக்குறது கேக்கவே இல்ல."

"வெறுங்காலுல்லத்தா. மண்ணுல எப்படிக் கேக்கும்?"

"பாறையிலயும் கேக்கல."

கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு செவந்தியின் முன்னங்கால்களையே பார்த்தாள்.

"அவுக வர்றது எனக்கு அங்கன தூரத்துப் புளியமரத்துக் கிட்டயே கேட்டுரும். டக்கு டக்குன்னு. அடுப்புல கொழம்பச் சுட வைக்கத் தொடங்கிருவேன். வந்து கைகழுவையில சோறு ரெடியா இருக்கும். எப்படித் தெரியும்னு ஒருநாளும் கேட்டதில்ல அவுக." கையில் சுற்றிய கயிற்றைப் பிரித்தாள். "இரும்பக் கழட்டச் சொல்லையில இந்த நெனப்பு எனக்கு வரல மதினி."

திரும்ப அடிக்கச் சொல்கிறாளோ என்று ஒரு கணம் நினைத்தேன். அப்படி எதுவும் அவள் சொல்லவில்லை. செவந்தி தலையைத் தாழ்த்தி அவள் தோளை முட்டியது. அவள் அதன் நெற்றியில் கையை வைத்து, "சரி, வா" என்றாள்.

மூவரும் வீட்டுக்கு நடந்தோம்.